பல்லி சாப்பிடவில்லையா? முதலில் கூண்டைப் பாருங்கள்!



பல்லி சொன்னால் பலன் பார்க்கிற சமுதாயம் நம்முடையது. தலையில் விழுந்தால் ஒரு பலன், தோளில் விழுந்தால் ஒரு பலன், இந்தத் திசையில் சத்தமிட்டால் இன்ன பலன் என்று பஞ்சாங்கத்தில் பட்டியலே போட்டு வைத்திருக்கிறோம். காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோயிலுக்குப் போய் வந்தவர்கள் தங்கப் பல்லியையும் வெள்ளிப் பல்லியையும் தொட்டுக் கும்பிட்ட கதையைச் சொல்லக் கேட்டிருப்பீர்கள். ஆனால் வீட்டுக்குள் கண்ணாடிப் பெட்டியில் வளர்க்கிற ஒரு பிராணி, பத்து நாளாக எதையும் தொடாமல் மூலையில் சுருண்டு கிடந்தால், அந்த மௌனத்துக்கு என்ன பலன்? அதை எந்தப் பஞ்சாங்கமும் சொல்வதில்லை. அதைத்தான் இம்முறை பார்க்கப் போகிறோம்.

கிள்ளானிலிருந்து ஒரு தாயார் எழுதியிருக்கிறார். அவருடைய மகன், சேர்த்து வைத்த காசில் ஒரு தாடி ஓணானை வாங்கி வந்தானாம். முதல் மாதம் ஓடியாடித் தின்றது. இப்போது இரண்டு வாரமாகச் சாப்பாடு இல்லை. விளக்கு வேண்டுமா என்று கேட்டதற்கு, “நம் நாடே சூடுதானே, எதற்கு விளக்கு?” என்று விற்றவர் சொல்லிவிட்டாராம். பெட்டி இருப்பதோ குளிர்சாதன அறையில். பக்கத்து வீட்டார், வாயைத் திறந்து பாலை ஊற்றுங்கள் என்கிறார்கள். “ஒரு பல்லிக்கு இவ்வளவு அமர்க்களமா?” என்று தாத்தா கோபித்துக்கொள்கிறார். பையனோ பள்ளி விட்டு வந்ததும் பெட்டியின் முன்னால் உட்கார்ந்தவன் எழுந்திருப்பதில்லை. “நாங்கள் என்ன செய்வது?” என்று கேட்கிறார் அந்தத் தாயார்.

சகோதரி, உங்கள் கேள்வி உங்களுடையது மட்டுமல்ல. இன்றைக்குப் பெட்டாலிங் ஜெயா அடுக்குமாடியிலும் பிரிக்பீல்ட்ஸ் மாடி வீடுகளிலும் தோட்டத்து வீடுகளிலும்கூட இப்படிப்பட்ட பிராணிகள் வளர்கின்றன. ஆகவே எல்லோருக்கும் சேர்த்தே பதில் சொல்கிறேன். பதிலின் சாரம் ஒரே வரிதான்: சாப்பிடாமல் இருப்பது நோய் அல்ல, அது ஓர் அறிகுறி. அதன் காரணம் பெரும்பாலும் கூண்டுக்குள்ளேயே இருக்கும்.

வயிற்றுக்கு அடுப்பு வெயில்

மனிதருக்கும் ஆடு மாடு கோழிக்கும் உடம்புக்குள்ளேயே ஓர் அடுப்பு எரிகிறது. மழையானாலும் வெயிலானாலும் நம் உடற்சூடு 37 டிகிரியை ஒட்டியே நிற்கும். பல்லி, ஓணான், உடும்பு வகையறாவுக்கு அந்த அடுப்பு கிடையாது. அவை வெளியிலிருந்துதான் சூட்டைக் கடன் வாங்க வேண்டும். சூடு போதவில்லை என்றால் கை கால் மட்டுமல்ல, வயிறும் மந்தமாகிவிடும். தின்றது செரிக்காது. செரிக்காத உணவு உள்ளேயே கிடந்து கெட்டுப்போகவும் கூடும். ஆகவே சூடில்லாத ஓணான் சாப்பிட மறுப்பது பிடிவாதம் அல்ல. அடுப்பு எரியாத வீட்டில் உலை வைக்க முடியுமா?

“சுவரில் ஓடுகிற சிச்சாக் இந்த நாட்டில் நன்றாகத்தானே இருக்கிறது, அதற்கு யார் விளக்குப் போட்டார்கள்?” என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. சிச்சாக் இந்தச் சூட்டுக்கும் ஈரத்துக்கும் பழகிய பிராணி. அதோடு அதற்குச் சுதந்திரம் இருக்கிறது. சூடு வேண்டுமானால் கூரையடியில் போய் ஒட்டிக்கொள்ளும். வேண்டாம் என்றால் படத்துக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இன்னொரு காட்சியும் தெரிந்திருக்கும். காலை வெயில் ஏறியதும் ஓணான் கட்டையின் மேல் வந்து படுக்கும். கொஞ்ச நேரம் கழித்து நிழலுக்குப் போகும். மறுபடி வெயிலுக்கு வரும். ஒரு நாளில் எத்தனையோ முறை இப்படி இடம் மாறி, தன் சூட்டைத் தானே அளந்துகொள்ளும்.

பெட்டிக்குள் அடைபட்ட பிராணிக்கு அந்த வழி இல்லை. நாம் கொடுத்ததுதான் அதற்கு வெயில், நாம் விட்டதுதான் நிழல்.

எந்த ஊர்ப் பிராணி?

நம் வட்டாரத்தில் அதிகம் வளர்க்கப்படுபவை மூன்று. முதலாவது, பியர்டட் டிராகன் என்கிற தாடி ஓணான். இது ஆஸ்திரேலியாவின் உள்நாட்டு வறண்ட நிலத்துக்குச் சொந்தமானது. அந்த நாடு தன் காட்டுப் பிராணிகளை வியாபாரத்துக்காக உயிருடன் ஏற்றுமதி செய்ய விடுவதில்லை. கடைகளில் இருப்பவை வெளிநாடுகளில் தலைமுறை தலைமுறையாகக் கூண்டில் பிறந்தவை. கூண்டில் பிறந்தாலும் உடம்பு பாலைவனத்து உடம்புதான்.

இரண்டாவது, லெப்பர்ட் கெக்கோ என்கிற புள்ளிப் பல்லி. பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான், வடமேற்கு இந்தியா ஆகிய பக்கங்களின் வறண்ட கல்நிலம் இதன் ஊர். இரவில் உலாவும். கொழுப்பை வாலில் சேர்த்து வைக்கும். மூன்றாவது, பச்சை இகுவானா. மத்திய அமெரிக்க, தென் அமெரிக்கக் காட்டு மரங்களில் வாழ்வது. இலை தின்னும் பிராணி.

ஊர் தெரிந்தால் பாதி வைத்தியம் முடிந்த மாதிரி. கோலாலம்பூரின் பகல் சூடு 32, 33 டிகிரி. நமக்கு அது புழுக்கம். தாடி ஓணானுக்கோ அது போதாது. வெயில் காய்கிற இடத்தில் அதற்கு 38 முதல் 42 டிகிரி வரை வேண்டும். அதே பெட்டியின் மறுமுனை 25, 28 டிகிரியில் குளுமையாக இருக்க வேண்டும். புள்ளிப் பல்லிக்குப் படுக்கும் தரையில் ஒரு பக்கம் 32 டிகிரி அளவு இருந்தால் போதும். இகுவானாவுக்கு 35, 36 டிகிரியில் ஒரு கிளை வேண்டும், காற்றில் ஈரமும் வேண்டும். குளிர்சாதனம் 22 டிகிரியில் ஓடுகிற அறையில் விளக்கில்லாமல் வைத்தால், இம்மூன்றில் எதுவும் நெடுநாள் ஒழுங்காகச் சாப்பிடாது.

கூண்டுப் பரிசோதனை

பிராணியைத் தொடுவதற்கு முன் இவற்றைப் பாருங்கள்.

முதலில் சூடு. கையால் தொட்டுப் பார்த்து “சூடாகத்தான் இருக்கிறது” என்று சொல்லாதீர்கள். வெப்பமானி ஒன்று வாங்கி, பிராணி படுக்கிற இடத்திலேயே வைத்து அளந்து பாருங்கள். சூடு மேலிருந்து விளக்கு மூலம் வரட்டும். சூடாகும் கல் என்று விற்பதைத் தவிர்த்துவிடுங்கள். வயிறு வெந்துபோகிற அளவுக்குச் சுட்டாலும் சில பிராணிகள் அதன் மேலேயே படுத்திருக்கும். விளக்குக்கும் கம்பி வலை போடுங்கள். நம் ஊர் இரவு 23, 24 டிகிரிக்குக் கீழே அதிகம் இறங்காது. ஆகவே இரவில் விளக்கை அணைத்துவிடலாம், கூடவே குளிர்சாதனமும் இல்லாமல் இருந்தால்!

இரண்டாவது ஒளி. சூரிய ஒளியில் கண்ணுக்குத் தெரியாத யூ.வி.பி. என்ற கதிர் இருக்கிறது. அது தோலில் படும்போதுதான் வைட்டமின் டி உண்டாகி, சுண்ணாம்புச் சத்து எலும்பில் சேரும். இது கிடைக்காத ஓணானுக்கும் இகுவானாவுக்கும் எலும்பு மெழுகு போல் ஆகிவிடும். தாடை மெதுமெதுவென்று வளையும், கை கால் வீங்கும், நடுக்கம் எடுக்கும். தாடை வலிக்கிற பிராணி எப்படி மெல்லும்? சன்னலோரம் வைத்திருக்கிறோமே என்று சிலர் சமாதானம் சொல்வார்கள். சாதாரணச் சன்னல் கண்ணாடி இந்தக் கதிரை ஏறக்குறைய முழுவதும் தடுத்துவிடும். ஆகவே இதற்கென்று விற்கிற யூ.வி.பி. குழல் விளக்கைப் பகலில் 10 முதல் 12 மணி நேரம் எரிய விடுங்கள். வெளிச்சம் நன்றாகத் தெரிந்தாலும் கதிர் குறைந்துவிடும். அதனால் 6 மாதத்திலிருந்து ஒரு வருடத்துக்குள், விளக்கு வகைக்கு ஏற்ப, மாற்றிவிட வேண்டும்.

இலவசமான வெயிலும் நல்ல மருந்துதான். காலை வெயிலில் கம்பிக் கூண்டில், பாதி நிழல் இருக்கும்படி, பக்கத்திலேயே இருந்து 20 நிமிடம் காட்டலாம். ஆனால் கண்ணாடிப் பெட்டியோடு வெயிலில் வைத்துவிடாதீர்கள். மூடிய காருக்குள் இருப்பது போல் சில நிமிடங்களில் உயிர் போய்விடும்.

மூன்றாவது தரை. பார்வைக்கு அழகு என்று பரப்புகிற மணல், உணவோடு வயிற்றுக்குள் போய்க் குடலை அடைத்துக்கொள்ளக் கூடும். பழைய பத்திரிகைத் தாளை விரியுங்கள். சுத்தம் செய்வதும் எளிது, மலம் போகிறதா என்று பார்ப்பதும் எளிது.

நான்காவது அமைதி. வாசலோரம், தொலைக்காட்சிக்குப் பக்கம், பூனை வந்து முறைக்கிற இடம் இவையெல்லாம் ஆகாது. ஒளிந்துகொள்ள ஒரு பொந்து வேண்டும். ஒரே பெட்டியில் இரண்டை வைத்தால் ஒன்று அதட்டும், மற்றது பட்டினி கிடக்கும். கொசுவர்த்திப் புகையும் சாம்பிராணிப் புகையும் அந்த அறைக்கு வேண்டாம்.

சும்மாவே சாப்பிடாத நாட்கள்

எல்லாப் பட்டினியும் ஆபத்தல்ல. புது வீட்டுக்கு வந்த பிராணி முதல் ஒரு வாரம், சில சமயம் இரண்டு வாரம்கூட, சரியாகத் தின்னாது. தோல் உரிக்கும் நாட்களில் உணவு குறையும். வயிற்றில் முட்டை இருக்கும் பெண் பிராணி உணவை ஒதுக்கும். பெண் பிராணி தனியாகவே இருந்தாலும் முட்டை வைக்கும் என்பதை மறந்துவிடாதீர்கள். வளர்ந்த தாடி ஓணான் குளிர்காலத் தூக்கம் போலச் சில வாரங்கள் மந்தமாவதும் உண்டு. ஆனால் குளிர்காலமே இல்லாத நம் நாட்டில், “தூங்குகிறது, விடு” என்று நாமாகவே முடிவு கட்டக் கூடாது. நோயில்லை என்று வைத்தியர் சொன்ன பிறகு அப்படி நினைக்கலாம்.

வித்தியாசத்தைக் கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி சமையலறைத் தராசு. வாரம் ஒரு முறை, ஒரே நாளில், ஒரே நேரத்தில், கிராம் கணக்கில் நிறுத்து நோட்டில் எழுதி வையுங்கள். இந்தப் பொறுப்பைப் பிள்ளையிடம் கொடுங்கள். 400 கிராம் இருந்தது 395 ஆனால் பதற வேண்டாம். 360 ஆகிவிட்டால், அதாவது பத்தில் ஒரு பங்கு போய்விட்டால், காத்திருக்க வேண்டாம். புள்ளிப் பல்லிக்கு வாலே கணக்கு நோட்டு. பருத்த வால் குச்சியானால் சேமிப்புத் தீர்ந்துவிட்டது என்று அர்த்தம். குஞ்சுகளுக்கு இந்த அவகாசமெல்லாம் கிடையாது. இரண்டு மூன்று நாள் தின்னாமல் இருந்தாலே கவனிக்க வேண்டும்.

செய்யக் கூடாதவை

பால் வேண்டவே வேண்டாம். ஊர்வனவற்றின் குடலுக்குப் பால் சேராது. சோறு, ரொட்டி, மைலோ எதுவும் அதன் உணவு அல்ல. நம் காய்ச்சல் மாத்திரையை உடைத்துக் கொடுக்காதீர்கள்.

வாயைப் பலவந்தமாகத் திறந்து ஊட்டாதீர்கள். உணவு மூச்சுக் குழலுக்குள் போனால் நிமிடத்தில் முடிந்துவிடும். பலம் குன்றிய தாடையில் எலும்பும் உடையலாம். சூடு இல்லாத வயிற்றில் உணவைத் திணித்தால் அது உள்ளேயே தங்கிவிடும். வைத்தியர்கள் கடைப்பிடிக்கும் வரிசை ஒன்று உண்டு. முதலில் சூடு, பிறகு நீர், கடைசியில்தான் உணவு. ஊட்டியே ஆக வேண்டிய நிலை வந்தால் எவ்வளவு, எப்படி என்பதை அவரிடமே கற்றுக்கொள்ளுங்கள்.

நீருக்கு வீட்டிலேயே வழி உண்டு. தாடி ஓணானானால் வெதுவெதுப்பான நீரை முழங்கை நனையும் அளவுக்கு ஒரு தட்டில் ஊற்றி, 10, 15 நிமிடம் நிற்க விடுங்கள். தலை நீருக்கு மேலே இருக்க வேண்டும். நீங்கள் பக்கத்திலேயே இருக்க வேண்டும்.

தட்டில் என்ன வைப்பது?

சூடும் ஒளியும் சரியான பிறகு ஓரிரு நாளில் பல பிராணிகள் தாமாகவே தலை தூக்கும். அப்போது, பறவைக் கடைகளில் செங்கெரிக் என்று விற்கிறார்களே, அந்தச் சில்வண்டை நீட்டிப் பாருங்கள். அளவு, பிராணியின் இரு கண்களுக்கு இடைப்பட்ட தூரத்துக்கு மேல் போகக் கூடாது. சில்வண்டுக்கும் ஒரு நாள் முன்னதாகக் கீரை, காரட் கொடுத்து வளர்த்தால் அந்தச் சத்து உங்கள் பிராணிக்குப் போய்ச் சேரும். கொடுக்கும்போது சுண்ணாம்புச் சத்துத் தூளைத் தூவிக் கொடுங்கள். தூள் என்றதும் வெற்றிலைச் சுண்ணாம்பை எடுத்துவிடாதீர்கள், அது வாயையே பொசுக்கிவிடும்! இதற்கென்று விற்கும் கால்சியம் தூளைத்தான் சொல்கிறேன். தின்னாத சில்வண்டை இரவில் பெட்டிக்குள் விட்டுவைக்காதீர்கள். சோர்ந்த பிராணியை அது கடித்துவிடும்.

இகுவானாவுக்குப் பூச்சி வேண்டாம், இலைதான். வளர்ந்த தாடி ஓணானுக்கும் பெரும்பங்கு இலையே. நம் வேலியோரத்து முருங்கைக் கீரை, செம்பருத்தி இலையும் பூவும், சர்க்கரைவள்ளி இலை, சாவி, துருவிய பூசணிக்காய் இவை நல்லவை. பாயாம் கீரையை எப்போதாவது கொஞ்சம் கொடுங்கள், தினமும் வேண்டாம். அதிலுள்ள ஒரு பொருள் சுண்ணாம்புச் சத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். வெண்ணெய்ப்பழம் என்கிற அவகாடோவும் வெங்காயமும் கூடவே கூடாது.

தோட்டத்து வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. களைக்கொல்லி தெளிக்கிற வரிசையோரம் இலை பறிக்காதீர்கள். பராகுவாட் 2020 ஜனவரி முதல் தேதியிலிருந்து நம் நாட்டில் தடை செய்யப்பட்டது உண்மைதான். ஆனால் மற்ற மருந்துகள் இருக்கின்றனவே. பட்டணத்து வாசகர்களுக்கும் ஒரு வார்த்தை. டிங்கிக் கொசுவுக்குப் புகையடித்த இடத்தில் பிடித்த வெட்டுக்கிளியும் கரப்பானும் நஞ்சு சுமந்திருக்கும். புகையடிக்க வருகிறார்கள் என்றால் பெட்டியை முன்கூட்டியே வேறு இடத்துக்கு மாற்றிவிடுங்கள்.

கோலசிலாங்கூர் கம்போங் குவாந்தானில் மின்மினி பார்க்கப் போகிற பிள்ளைகள் ஒன்றிரண்டைப் பிடித்து வரலாம். அது மட்டும் வேண்டாம். அமெரிக்க மின்மினியைத் தின்ற தாடி ஓணான்கள் இறந்துபோனதை ஆராய்ச்சியாளர்கள் 1999-இல் எழுதி வைத்திருக்கிறார்கள். நம் ஆற்றோர மின்மினி வேறு வகைதான். இருந்தாலும் அந்தச் சோதனைக்கு உங்கள் வீட்டுப் பிராணி வேண்டாமே!

எப்போது வைத்தியரிடம் ஓட வேண்டும்?

கண் குழி விழுந்திருந்தால், தாடை மெத்தென்று இருந்தால், கை கால் நடுங்கினால், வயிறு உப்பி மலம் போகாமல் முக்கினால், வாயில் கோழை வழிந்தால், எழுந்து நிற்கவே முடியாமல் போனால் அன்றைக்கே கொண்டுபோங்கள். விளக்கின் கீழே வாயைத் திறந்து வைத்திருப்பது இயல்பு, அது சூட்டைக் குறைத்துக்கொள்ளும் முறை. குளிர்ந்த மூலையிலும் வாயைத் திறந்து மூச்சு வாங்கினால்தான் நோய். கூண்டில் எல்லாம் சரியாக இருந்தும் ஒரு வாரம் தின்னவில்லை என்றாலும் போய்விடுங்கள். குடல் ஒட்டுண்ணி இருக்கலாம், அது கண்ணுக்குத் தெரியாது.

நாய் பூனை பார்க்கும் எல்லா வைத்தியர்களும் ஊர்வனவற்றைப் பார்ப்பதில்லை. முன்கூட்டியே தொலைபேசியில் கேட்டுக்கொள்ளுங்கள். செர்டாங்கில், 1971-இல் விவசாயப் பல்கலைக்கழகமாகத் தொடங்கிய புத்ரா மலேசியப் பல்கலைக்கழகத்தில் கால்நடை மருத்துவமனை இருக்கிறது. அங்கும் விசாரிக்கலாம். போகும்போது காற்றோட்டமுள்ள பெட்டியில் துணி விரித்து வையுங்கள். புதிய மலம் கிடைத்தால் சின்ன டப்பாவில் எடுத்துக்கொள்ளுங்கள். எடை நோட்டையும், கூண்டின் புகைப்படத்தையும் காட்டுங்கள். வாயில்லா ஜீவனுக்கு அவைதான் வாய்.

சட்டமும் சோப்பும்

2010-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி நம் நாட்டு உடும்பு வகைகளை அனுமதியின்றிப் பிடிக்கவோ வளர்க்கவோ முடியாது. இகுவானா போன்றவற்றுக்கும் அனுமதி வேண்டுமா என்று வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தானில் கேட்டுவிட்டு வாங்குங்கள். ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். 2015-ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டம் நாய் பூனைக்கு மட்டும் உரியதல்ல, பல்லிக்கும் பொருந்தும். வளர்க்க முடியவில்லை என்று ஆற்றோரத்திலோ செம்பனைக் காட்டிலோ விட்டுவிடாதீர்கள். அது பிராணிக்கும் கேடு, காட்டுக்கும் கேடு.

ஆரோக்கியமாகத் தெரிகிற ஊர்வனவும் சால்மொனெல்லா கிருமியைச் சுமக்கும். அமெரிக்காவில் சின்ன ஆமைகளை விற்பதை 1975-இல் தடை செய்ததே இதனால்தான். தொட்ட பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். பெட்டியைச் சமையலறைத் தொட்டியில் கழுவாதீர்கள். 5 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளும் கர்ப்பிணிகளும் இப்பிராணிகளைக் கையாள வேண்டாம்.

கடைசியாக, “வெறும் பல்லிதானே” என்று சொல்கிற பெரியவர்களுக்கு ஒரு வேண்டுகோள். வைத்தியச் செலவு சில வேளை பிராணியின் விலையைவிட அதிகமாகும். அதைப் பார்த்துக் கோபம் வருவது இயற்கை. ஆனால் பெட்டியின் முன்னால் உட்கார்ந்திருக்கும் பிள்ளை பல்லியை மட்டும் பார்க்கவில்லை. நம்மை நம்பி இருக்கிற ஓர் உயிர் துன்பப்படும்போது, வீட்டிலுள்ள பெரியவர்கள் என்ன செய்கிறார்கள் என்பதையும் பார்த்துக்கொண்டிருக்கிறது. பிராணி பிழைக்கலாம், பிழைக்காமலும் போகலாம். இரண்டில் எது நடந்தாலும், வெப்பமானியைக் கையில் எடுத்துக்கொண்டு பிள்ளையோடு அந்தப் பெட்டியின் முன் ஐந்து நிமிடம் உட்காருங்கள். குளிர்சாதனத்தை இன்றைக்கே அணைத்துவிடுங்கள். மற்றதை நாளை காலை வெயிலிலிருந்து தொடங்கலாம்.